‘முற்றம்’ என்னும் மொழிபெயர்ப்பு: உரோமானிய இல்லமும் நெடுநல்வாடை அரண்மனையும்

உரோமானிய இல்லத்தின் ‘ஏட்ரியம்’ என்னும் பகுதியைத் தமிழில் ‘முற்றம்’ என்று சொல்லிவிடுவது எளிது. வானம் பார்த்த திறப்பு, அதன்வழி இறங்கும் மழைநீர், சுற்றிலும் அறைகள். செட்டிநாட்டு வளவை அறிந்தவர்க்கு ஒப்புமை உடனே தோன்றும். ஆயினும் நெடுநல்வாடையின் அரண்மனை வருணனையோடு வைத்து நோக்கினால், இச்சொல் இருவகை வீடுகளின் இயல்பையும் மறைக்கிறது.

188 அடிகளையுடைய அப்பாட்டில் முற்றம் ஓரிடமன்று. உயர்ந்த வாயிலைக் கடந்ததும் மணல் பரப்பிய முற்றம். பின்னர் நிலவொளியைத் துய்த்தற்குரிய வெண்ணிற நிலாமுற்றம். இதன் மழைநீர் தூம்புவாய் வழியே அருவியாக விழுகிறது. ஏட்ரியத்திலோ கூரை உள்நோக்கிச் சரிய, நீர் தரைநடுவிலுள்ள தொட்டியில் சேர்கிறது. பெரும்பகுதி கூரை வேய்ந்த அவ்விடத்தைக் ‘கூடம்’ என்பதே பொருந்தும்.

நீரினும் முதன்மையானது, யார் எதுவரை செல்லலாம் என்பது. விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலின் 6ஆம் பகுதியில், அழைப்பின்றி எவரும் புகத்தக்க இடங்களையும் அழைக்கப்பட்டோர்க்கே உரிய இடங்களையும் பிரித்துரைக்கிறார். ஏட்ரியம் முதல்வகையைச் சார்ந்தது. காலையில் தலைவனைக் காணவரும் சார்ந்தோர் அங்கே காத்திருப்பர். எதிரே ‘டேப்ளினம்’ என்னும் திறந்த அறையில் அவன் வீற்றிருப்பான். (கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயின் புகழ்பெற்ற வெட்டி இல்லத்தில் டேப்ளினமே இல்லை. பாடநூல் வரைபடத்தை முற்றாக நம்புவதற்கில்லை.) உரோமப் பெண் வீட்டின் முன்பகுதியில் விருந்தினரிடையே இருப்பதைக் கிரேக்க வழக்கத்தினின்று கொர்னேலியஸ் நேபோஸ் வேறுபடுத்திக் காட்டுகிறார்.

நெடுநல்வாடையில் பிரிவு அழைப்பால் அமைவதன்று. அரசன் ஒருவனைத் தவிர ஆடவர் எவரும் அரசியின் உள்மனையை அணுகுதற்கில்லை. வருணனை வாயில், முற்றம், ‘கரு’ எனப் பெயர்பெற்ற அறை என உள்நோக்கிச் செல்லுந்தோறும் காவல் இறுகுகிறது. இக்கட்டமைப்பை வெறும் செல்வச் சிறப்பாகக் கொள்வோர் பாட்டின் நடுப்பொருளைத் தவறவிடுகின்றனர். உள்ளே வர உரிமையுள்ள அந்த ஒருவன் பாசறையில் இருக்கிறான். படுக்கை மாடங்களில் இருளகற்ற நெய்வார்த்து ஏற்றப்படும் பாவைவிளக்குகள் யவனர் செய்தவை. யவனர் கைவினை ஆடவர் அணுகாத உள்மனையின் இருளைப் போக்குகிறது. அதற்குரியவனோ போர்க்களத்துப் புண்பட்ட வீரரைக் காண நள்ளிரவில் வாடைக்காற்றினூடே நடந்துகொண்டிருக்கிறான்.