போரடிக்குது, பொய் சொல்லாதே: ஒரு குட்டிக் கார்ட்டூன் பற்றிச் சில குறிப்புகள்

"புலி வருது" கதை தெரியாத ஆள் நம்மூரில் இருக்க முடியாது. ஈசாப் சொன்னதில் ஓநாய், நம்மிடம் வந்தபோது புலியாகிவிட்டது. ஆடு மேய்க்கும் பையன் சும்மா "புலி! புலி!" என்று கத்துகிறான், ஊரே கம்பும் தடியுமாக ஓடி வருகிறது, அவன் சிரிக்கிறான். கடைசியில் நிஜமாகவே புலி வரும்போது யாரும் வரவில்லை. நீதி: பொய் சொல்லாதே.

சரி. ஆனால் அந்தப் பையன் ஏன் கத்தினான்? கதையிலேயே பதில் இருக்கிறது, நாம்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவனுக்குப் போரடித்தது. நாள் முழுக்கத் தனியாக, பேச ஆளில்லாமல், ஆடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு சின்னப் பையன். கதையின் முதல் வரியே சலிப்புதான். பொய் இரண்டாவது வரியில்தான் வருகிறது.

சலிப்புக்கும் பொய்க்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அதற்கு நான் எடுத்துக்கொள்வது 'ப்ளூயி' என்ற ஆஸ்திரேலியக் கார்ட்டூன். பள்ளிக்கூடம் போகாத, இல்லை இப்போதுதான் போக ஆரம்பித்த குழந்தைகளுக்கானது. 2018 அக்டோபரில் அங்கே ஒளிபரப்பாக ஆரம்பித்தது. உருவாக்கியவர் ஜோ ப்ரம், தயாரித்தது பிரிஸ்பேனில் உள்ள லூடோ ஸ்டூடியோ. ஒரு நாய்க் குடும்பம்: அப்பா பேண்டிட், அம்மா சில்லி, 6 வயது ப்ளூயி, 4 வயது பிங்கோ. ஒரு கதை சுமார் 7 நிமிஷம். அவ்வளவுதான்.

முதலில், சலிப்பைத் தொழில்நுட்பமாக அணுகியவர்கள்

குழந்தைகள் தொலைக்காட்சியின் வரலாறே ஒரு வகையில் சலிப்போடு நடத்திய சண்டைதான். 1969ல் 'செசமி ஸ்ட்ரீட்' வருவதற்கு முன்னால், எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏதேதோ ஸ்லைடுகளை ஓடவிட்டார். ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். கண் விலகுகிற இடத்தை வெட்டு, இல்லாவிட்டால் மாற்று.

அதன் பிறகு டேனியல் ஆண்டர்சனும் அவருடன் வேலை செய்தவர்களும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பேச்சைப் பின்னோக்கி ஓடவிட்டால், புரியாத மொழியில் போட்டால், படம் அதேதான் என்றாலும் குழந்தைகள் பார்ப்பது குறைகிறது. அதாவது வேகமும் வண்ணமும் மட்டும் குழந்தையைப் பிடித்து வைப்பதில்லை. புரிந்தால் பார்க்கும், புரியாவிட்டால் திரும்பிக்கொள்ளும்.

1996ல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஒரே எபிசோடை ஐந்து நாள் தொடர்ந்து போட்டார்கள். பெரியவர்களுக்குத் தலைவலி. குழந்தைகளோ ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாகப் பதில் சொன்னார்கள். நமக்குப் போரடிப்பதும் அவர்களுக்குப் போரடிப்பதும் ஒன்றல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதெல்லாம் நல்ல ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இங்கே சலிப்பு என்பது நிகழ்ச்சியின் பிரச்சினை. குழந்தைக்கு அதை வைத்துச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கண் விலகாமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளர் பொறுப்பு.

டோராவும் ஒரு சின்னப் பொய்யும்

2000ல் வந்த 'டோரா'வை எடுத்துக்கொள்வோம். பயணம், வரைபடம், குரங்கு நண்பன், திருட வரும் நரி என்று அசல் சாகசக் கதை. நேர்மை பற்றிய பாடம் அந்த நரியிடம் இருக்கிறது. திருடாதே என்று மூன்று தடவை சொன்னால் அது திருடாமல் போய்விடும். சொல்ல நேரம் போதாவிட்டால் திருடிவிடும். தப்பு செய்கிறவன் எப்போதும் வெளியே புதருக்குப் பின்னால் நிற்கிறான். டோராவுக்குப் பொய் சொல்லத் தோன்றுவதே இல்லை.

ஆனால் நிகழ்ச்சிக்குத் தோன்றுகிறது! டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், அப்புறம் பாராட்டும். நீங்கள் பதில் சொன்னாலும் பாராட்டு, சொல்லாவிட்டாலும் பாராட்டு. எங்கள் வீட்டு வாண்டு ஒருநாள் வேண்டுமென்றே தப்பான பதிலைக் கத்திச் சொன்னது. டோரா புன்னகையோடு சபாஷ் சொன்னது. வாண்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இது என்னைக் கேட்கவே இல்லை" என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கிற தருணம் அது. நேர்மை சொல்லித்தருகிற நிகழ்ச்சி, கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் நான்கு வயதில் எல்லாமே சின்ன விஷயங்களில்தான் நடக்கிறது.

நிழலை மட்டும் மிதிக்கலாம்

இப்போது ப்ளூயிக்கு வருவோம். முதல் சீசனில் 'ஷேடோலேண்ட்ஸ்' என்று ஒரு கதை. பூங்காவில் பிக்னிக். ப்ளூயி, கோகோ, ஸ்னிக்கர்ஸ் மூவரும் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். நிழலில் மட்டும்தான் கால் வைக்கலாம், வெயிலில் வைத்தால் போச்சு. நாம் எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் ஆடிய விளையாட்டுதான்.

பிரச்சினை கோகோ. கொஞ்சம் கஷ்டமான இடம் வந்தால் போதும், விதியை மாற்றலாமே என்கிறாள். ப்ளூயி மாட்டேன் என்கிறாள். விதி விதிதான்.

இது பொய்யா? அகராதிப்படி இல்லை. ஆனால் அந்த வயதில் நேர்மையின்மை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு வயதுக் குழந்தை கள்ளக்கணக்கு எழுதுவதில்லை. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தும். "இது அவுட் இல்ல", "இப்போலேர்ந்துதான் கணக்கு", "எனக்கு மட்டும் அஞ்சு சான்ஸ்". இதற்கு நம்மூரில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: அழுகுணி ஆட்டம்.

அழுகுணி ஆட்டத்துக்குத் தண்டனை வெளியிலிருந்து வருவதில்லை. ஆட்டமே சப்பென்று ஆகிவிடும், அதுதான் தண்டனை. விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், நிழல் வெறும் நிழல், வெயில் வெறும் வெயில். போரடிக்க ஆரம்பித்துவிடும். நேர்மையையும் சலிப்பையும் இந்தக் கதை இணைக்கிற இடம் இதுதான். சலிப்பு நேர்மையின்மைக்குக் காரணமும் ஆகிறது, விளைவும் ஆகிறது.

கதையின் முடிவில் பெரிய வெயில்வெளி ஒன்று குறுக்கே வருகிறது. தாண்ட வழியே இல்லை. அப்போது ஒரு மேகம் வந்து சூரியனை மறைக்கிறது. புல்வெளி முழுக்க நிழல். மூவரும் ஓடுகிறார்கள்.

முதல் தடவை பார்த்தபோது, "இது கதாசிரியர் செய்கிற அழுகுணி ஆட்டம் ஆச்சே" என்று தோன்றியது. நேர்மையாக இருந்தால் மேகம் வரும் என்று சொல்லிக்கொடுக்கலாமா? பல நாள் மேகம் வராதே!

ஆனால் யோசித்துப் பார்த்தால், மேகம் ஒரு பரிசு இல்லை. யாரும் நல்லவர்களாக இருந்ததற்காக அது வரவில்லை. பூங்காவில் இருந்த எல்லோர் தலைக்கு மேலும்தான் வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் மேகம், இந்த மூன்று பேருக்கு மட்டும்தான் அற்புதம். ஏன்? விதியை மாற்றாமல் வைத்திருந்ததால். கோகோ கேட்டபடி முன்பே மாற்றியிருந்தால், மேகம் வந்ததையே கவனித்திருக்க மாட்டார்கள். இதைப் பாடமாக ஒரு வரியில் சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். ஓடவிட்டுக் காட்டியதால் நிற்கிறது.

செர்ரி மரம்

நீதிக்கதைகள் குழந்தைகளைப் பொய் சொல்லாமல் தடுக்கின்றனவா என்று காங் லீ, விக்டோரியா டல்வார் உள்ளிட்டோர் 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுக் குழந்தைகள். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். (இங்கேயும் பாருங்கள், ஒரு குழந்தை, தனிமை, செய்ய எதுவும் இல்லாத ஒரு நிமிஷம்.) திரும்பி வந்து ஒரு கதை வாசிப்பார். பிறகு, எட்டிப் பார்த்தாயா என்று கேட்பார்.

பினோக்கியோவும் "புலி வருது" பையனும் பலன் தரவில்லை. மூக்கு நீண்டதும் ஓநாய் வந்ததும் எந்தக் குழந்தையையும் உண்மை பேச வைக்கவில்லை. பலன் தந்தது ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட கதை. அதிலும் ஒரு திருப்பம். உண்மை சொன்ன வாஷிங்டனுக்கு நல்லது நடக்காதபடி முடிவை மாற்றி வாசித்தபோது, அந்தக் கதையும் பலன் தரவில்லை. பயமுறுத்துவதைவிட, உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்று காட்டுவதுதான் வேலை செய்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் செர்ரி மரக் கதையே கட்டுக்கதை. வாழ்க்கை வரலாறு எழுதிய மேசன் வீம்ஸ் 1806 பதிப்பில் சேர்த்துவிட்டது. உண்மை பேசக் கற்றுக்கொடுக்க உலகத்திடம் இருக்கிற சிறந்த கதை ஒரு பொய்!

பெரியவர்கள் சொல்லும் "அஞ்சு நிமிஷம்"

குழந்தைகளின் நேர்மை பற்றி இவ்வளவு பேசுகிறோம். குழந்தையின் சலிப்பில் முதல் பொய்யைச் சொல்வது யார்? நாம்தான். "அஞ்சு நிமிஷம் இரு கண்ணா." வங்கி வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கல்யாண மண்டபத்தில், எல்லா இடத்திலும் அதே அஞ்சு நிமிஷம்.

'டேக்அவே' என்ற ப்ளூயி கதை முழுக்க இந்த அஞ்சு நிமிஷம்தான். சீன உணவுக் கடை வாசல். ஸ்பிரிங் ரோல் விட்டுப்போயிருக்கிறது, வரும்வரை காத்திருக்க வேண்டும். பேண்டிட்டும் இரண்டு பெண்களும். வேறு இடமே இல்லை, ஒரே வாசல். குழாய் திறக்கிறது, சின்னவளுக்கு அவசரமாக ஒண்ணுக்கு வருகிறது, வாங்கி வைத்த சாப்பாடு நாசமாகிறது. அப்பா கெஞ்சுகிறார், மிரட்டுகிறார், தோற்கிறார். கடைசியில் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டுச் சிரித்துவிடுகிறார்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், அப்பாவுக்கும் போரடிக்கிறது என்பதை மறைக்காமல் காட்டுகிறது. பெரியவர்கள் பொறுமைக் கடல் போல நடிப்பதும் ஒரு பொய்தானே. 'காப்பிகேட்' கதையில் அடிபட்ட கிளி ஒன்று செத்துப்போகிறது. பிழைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குழந்தைகள் அதையே விளையாட்டாக ஆடிப் பார்க்கிறார்கள், சாவு உட்பட. பறந்துபோச்சு என்று யாரும் கதை கட்டவில்லை.

ஆனாலும் ஒரு குறை

ப்ளூயியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இந்தத் தொடரிலும் ஒரு அரை உண்மை இருக்கிறது. பிள்ளைகள் கூப்பிட்டால் அப்பாவோ அம்மாவோ பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் முனகுவார்கள், ஆனால் வந்துவிடுவார்கள். இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வருகிற அப்பா, தண்ணிக்கு வரிசையில் நிற்கிற அம்மா இங்கே இல்லை. இதைப் பார்க்கிற குழந்தைக்குத் தன் வீடு குறைப்பட்டதாகத் தோன்றலாம். பார்க்கிற பெற்றோருக்குக் கட்டாயம் தோன்றும், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சலிப்பிலிருந்து குழந்தைகள் தாங்களே விளையாட்டைக் கண்டுபிடிப்பதைத்தான் ப்ளூயி கொண்டாடுகிறது. ஆனால் நாம் ப்ளூயியைப் போட்டுவிடுவது எதற்கு? குழந்தை போரடிக்குது என்று சொல்லாமல் இருப்பதற்கு. 7 நிமிஷம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். நிழலைக் கண்டுபிடிக்க வேண்டிய குழந்தை, நிழலைக் கண்டுபிடித்தவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதற்குத் தொடரைக் குற்றம் சொல்ல முடியாது. அணைக்கிற பொத்தான் நம் கையில்தான் இருக்கிறது.

எனவே என் கட்சி இதுதான். நேர்மையைத் தனிப் பாடமாக நடத்தும் கார்ட்டூன்களை விட, விளையாட்டின் விதிக்குள் வைத்துக் காட்டுபவை மேல். சலிப்பை எதிரியாக விரட்டுபவற்றை விட, அதைக் கொஞ்ச நேரம் அறையில் உட்காரவிடுபவை மேல். இரண்டையும் சேர்த்துச் செய்கிற கதைகள் குறைவு. 'ஷேடோலேண்ட்ஸ்' அதில் ஒன்று.

அடுத்த தடவை "புலி வருது" கதை சொல்லும்போது, நீதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்தப் பையன் கத்தாமல் வேறு என்ன செய்திருக்கலாம்? கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். டோரா மாதிரி பதில் வருவதற்கு முன்னாலேயே சபாஷ் சொல்லிவிடாதீர்கள்.