அதிர்வது சப்வூஃபரா, அறையா?

ஆபீஸுக்கு லீவு போட்டிருந்த ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். புதிதாக வாங்கிய 12 இஞ்ச் சப்வூஃபரை ஹாலின் மூலையில் வைத்து ஒரு போர்ப்படத்தை ஓட்டினேன். குண்டு விழுகிற காட்சி. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் டம்ளர் இடம் மாறியது. கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் நாலைந்து பெண்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று தேடுகிறார்கள். சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டு அக்கா போனைக் காதில் வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எடுக்க மாட்டார் என்று அக்காவுக்கே தெரியும். இருந்தாலும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே போய், "அக்கா, அது நம்ம வீட்டு சவுண்டு. படம்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "சொல்லிட்டாவது போடக் கூடாதா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 'தும்' என்று ஒரு சத்தம் கேட்டால் அது செய்தி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை இங்கே எந்தக் குடும்பமும் விரல்விட்டுச் சொல்லும். தீபாவளி வெடிச் சத்தத்துக்குத் தூக்கம்கூடக் கலையாத ஊர், தூரத்து 'தும்'முக்குத் தெருவுக்கு வந்துவிடும்.

அன்றைக்குப் பிறகு நான் சப்வூஃபர் தேர்ந்தெடுத்த முறையையே உட்கார்ந்து யோசித்தேன். வாட் பார்த்தேன், இஞ்ச் பார்த்தேன், கடையில் டெமோ கேட்டேன், சட்டை அதிர்ந்தது, வாங்கினேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வாங்குகிறோம். இந்த முறை ஏன் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாட் என்கிற மாயை

மலிவு விலை ஹோம் தியேட்டர் பெட்டிகளில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட தரம் எதுவும் கிடையாது. போடுகிறவர் இஷ்டம். அதே பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். மின்சார நுகர்வு 60 வாட் என்று இருக்கும். 60 வாட் உள்ளே போகிற பெட்டியிலிருந்து தொடர்ச்சியாக 5000 வாட் வெளியே வராது. இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, கரண்ட் பில் கட்டினாலே போதும்.

நேர்மையான ஆர்.எம்.எஸ். வாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. பவரை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். 150 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் நடுவில் கடைக்காரர் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் சொல்வார். காது அவ்வளவு சொல்லாது.

இஞ்ச்சும் ஹெர்ட்ஸும்

ஆழமான சத்தத்துக்குக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரே அளவு சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தருவதற்கும் 20 ஹெர்ட்ஸில் தருவதற்கும் நடுவே, கூம்பு தள்ள வேண்டிய காற்றின் அளவு நாலு மடங்கு. ஆறரை இஞ்ச் கூம்பு வைத்த குட்டி 'சப்வூஃபர்'களால் இது முடியாது. அதனால் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் உப்ப வைத்து, ஆழம் இருப்பது மாதிரி ஒரு தோற்றம் காட்டுவார்கள். ஆட்டோவில் பாட்டுப் போடும்போது கேட்கிற 'டொம் டொம்' அதுதான். ஸ்பெக்கில் '25 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டுவிட்டு, எத்தனை டெசிபல் இறக்கத்தில் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஆக, இஞ்ச் வாட்டைவிட நேர்மையான அளவுகோல். 12 இஞ்ச் வாங்கியது என் தப்பு இல்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

நம் வீட்டு அறை

சப்வூஃபர் பற்றி நாம் படிக்கிற, பார்க்கிற ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பாஸ் சத்தம் பட்டால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கொஞ்சம் விழுங்கும். நம் வீடு செங்கல், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எதுவும் விழுங்காது. உள்ளே போட்ட பாஸ் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்துகிற இடத்தில் அறை தானே பாட ஆரம்பிக்கும். கணக்கு சுலபம். ஒலியின் வேகத்தை, சுவர்களுக்கு இடையிலான தூரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். புத்தகத்தில் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அது 20 டிகிரிக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 350 என்று வைத்துக்கொள்ளலாம்.

என் ஹால் 16 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். நீளவாக்கில் 36 ஹெர்ட்ஸ் வருகிறது. அகலவாக்கில் 57. உயரவாக்கிலும் அதே 57. அதாவது இரண்டு திசையும் ஒரே சுருதியில் சேர்ந்து கத்துகின்றன. 10-க்கு 10 படுக்கையறையில் கூரையும் 10 அடி என்றால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். சப்வூஃபர் வைக்க அதைவிட மோசமான பெட்டி கிடையாது.

இதை இசையில் கேட்கலாம். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அடுத்த தந்தி 55. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் எப்படி ஏறி இறங்கி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் ஹாலில் அது நடக்கவில்லை, நொண்டியது. 55 பக்கம் வந்தால் வீடே முழங்கும், அடுத்த சுரத்தில் ஆளைக் காணோம். மிருதங்கத்தின் தொப்பி, கிக் டிரம், குண்டுச் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே 'தும்'. நான் கேட்டுக்கொண்டிருந்தது சப்வூஃபரை இல்லை, 10 அடி அகலத்தை.

கடை டெமோவை நம்பக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்தச் சத்தத்தில் பாதி அந்தக் கடையினுடையது. அதை உங்களுக்குப் பேக் செய்து தர மாட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

ஒரு சுவர் தடுக்கிற சத்தம், சுருதி பாதியாகக் குறையக் குறைய ஏறக்குறைய 6 டெசிபல் வீதம் குறைந்துகொண்டே போகும். அதனால் பக்கத்து வீட்டுக்கு வசனம் போகாது, பாட்டு போகாது, பாஸ் மட்டும் போகும். தூரத்து வெடிவிபத்திலும் இதேதான் நடக்கிறது. கூர்மையான சத்தமெல்லாம் வழியில் கரைந்து, அடிச்சத்தம் மட்டும் ஊர் வந்து சேரும். அக்கா காதுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவர் தப்பாகக் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். தனியார் ஒலிக் கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஆனால் இந்த அளவு 'ஏ' எடையில் எடுக்கப்படுவது. மனிதக் காது அடிச்சத்தத்தைக் குறைவாகக் கேட்கிறது என்பதற்காக அதைக் கழித்துக்கொள்கிற முறை அது. 50 ஹெர்ட்ஸில் கழிவு 30 டெசிபல். என் சப்வூஃபர் காம்பவுண்டு சுவரில் 80 டெசிபலுக்கு உறுமினாலும் மீட்டர் 50 என்றுதான் காட்டும். அந்த உறுமல் மட்டும் என்றால் பகலில் சட்டப்படி நான் நல்ல பிள்ளை. இரவிலும் சரியாக விளிம்பில் பாஸ்.

வேடிக்கை என்னவென்றால், நம்ம ஊர்ச் சரக்குக்கு 1999-இல் போட்ட விதியில் இந்த ஓட்டை இல்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் 'ஏ', அல்லது 145 டெசிபல் 'சி' உச்சம் என்று இரண்டு அளவும் அதில் உண்டு. 'சி' எடை 50 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் சொச்சம்தான் கழிக்கும். வருஷத்தில் ஓரிரு நாள் வெடிக்கிற லட்சுமி வெடிக்கு 'சி' அளவு, தினம் ஓடுகிற ஹோம் தியேட்டருக்கு 'ஏ' மட்டும்! செல்போன் ஆப்பில் அளந்து "நான் லிமிட்டுக்குள்தான் இருக்கேன்" என்று பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்ப எப்படித்தான் வாங்குறது?

கடைக்குப் போவதற்கு முன் டேப் எடுத்து அறையை அளங்கள். மேலே சொன்ன மூன்று வகுத்தலைப் போடுங்கள். இரண்டு எண்கள் ஒன்றாக வந்தால், அந்தச் சுருதியில் உங்களுக்குப் பிரச்சினை வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

சின்ன கான்கிரீட் அறைக்கு, துளை இல்லாத சீல்டு வகைதான் என் சிபாரிசு. அது கீழே போகப் போக மெதுவாக, ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் இறங்கும். மூடிய அறை அதே ஆழத்தில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும். போர்ட் வகை, துளையின் சுருதி வரை பலமாகக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் விழும். பெரிய, திறந்த ஹாலுக்கு அது சரி.

பட்ஜெட்டில் பத்து இஞ்ச்சா, பன்னிரண்டா என்று குழம்பினால், வாட்டைக் குறைத்துக்கொண்டு ஈக்வலைசர் வசதி உள்ளதை எடுங்கள். ரிசீவரில் இருந்தாலும் போதும். மேடுகளைக் குறைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பள்ளங்களை நிரப்பப் பார்த்தால் ஆம்ப்தான் சூடாகும். க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அதனால் சப்வூஃபரை டிவி பக்கத்திலேயே வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொதுச்சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

வைக்கிற இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை. சப்வூஃபரை சோஃபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் கிடார் நன்றாக நடக்கிற ஒரு பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ வேண்டும். சுரங்கள் எங்கே சமமாகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். நாற்பத்தைந்து வயதில் தவழ்ந்தேன். பிள்ளைகள் வீடியோ எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை. சோஃபாவையும் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். சுவரோரம்தான் பாஸ் குவிகிற இடம்.

நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதே 12 இஞ்ச். கூட வந்த ஸ்பாஞ்சை எடுத்துத் துளையை அடைத்தேன், மூலையிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினேன், 57 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் குறைத்தேன். பேஸ் கிடார் இப்போது நடக்கிறது.

கடைசி அளவை மீட்டர் வைத்து எடுக்கவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வீட்டு அடுப்படியில் நிற்கச் சொன்னேன். நான் இங்கே 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகப் போட்டேன், போனில் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். 57-இல் "தூரத்துல மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்றார். 36-இல் "சத்தம் கேக்கல தம்பி, ஆனா பாத்திர ஸ்டாண்டு ஆடுது" என்றார். எந்த ஆப்பும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. 36-ஐ இன்னும் 6 டெசிபல் குறைத்தேன். பாத்திரங்கள் அமைதியாகின.

குண்டு வெடிக்கிற படங்களை இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் போடுகிறேன். அன்றைக்கு ஆலைக்கு லீவு, அவர் வீட்டில் இருப்பார்.