கைபேசிக்கு வாரிசு

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த மருமக்கள்வழி முறையில், கணவன் இறந்தால் குடும்பச் சொத்து அவனுடைய சகோதரி மகனுக்குப் போனது. அந்த அநியாயத்தைக் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் ஒரு மனைவியின் வாயாலேயே சொல்லவைத்தார். அங்கே சிக்கல், பெண்ணுக்குப் பங்கு கிடைக்காதது. இன்று இறந்துபோகும் பெண்ணின் கைபேசியில் சிக்கல் வேறு: அதில் யாருக்காவது பங்கு உண்டா?

கைபேசி ஒரு பொருள். பொருள் வாரிசுக்குப் போகும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணுக்குக் கணவனும் பிள்ளைகளும் முதல் வாரிசுகள். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். பெற்ற தாய் அதற்கும் பின்னால்தான். புகுந்த வீட்டைப் பற்றி அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் அழுததெல்லாம் புகுந்த வீட்டின் கைக்கே போய்ச் சேரலாம்.

ஜெயலலிதா வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அவர் 2016இல் இறந்தார். 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் அண்ணன் பிள்ளைகள் தீபாவையும் தீபக்கையும் வாரிசுகளாக ஏற்றது. ‘தலைவி’ படத்தை எதிர்த்துத் தீபா தொடுத்த வழக்கிலோ, அந்தரங்க உரிமை ஆளோடு முடிந்துவிடுகிறது, சொத்தைப் போல வாரிசுக்கு வராது என்று 2021இல் அதே நீதிமன்றம் சொன்னது.

வாரிசுக்கு வராது என்பது சரி. பெண்கள் பல விஷயங்களை மறைப்பதே வாரிசுகளிடமிருந்துதான். ஆளோடு முடிந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உரையாடல் இருவருடையது. இறந்தவளிடம் தன் கருக்கலைப்பைச் சொன்ன தோழி உயிரோடு இருக்கிறாள். அடி வாங்கியதைச் சொன்ன தங்கை இன்னும் அதே வீட்டில் வாழ்கிறாள். இந்தக் கைபேசியைத் திறந்தால் அவர்களும் சிக்கிக்கொள்வார்கள்.

ஆகவே யார் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டியவள் அவளேதான், உயிரோடு இருக்கும்போதே. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இறந்தபின் தன் தரவு உரிமைகளைக் கையாள ஒருவரை நியமிக்க வகைசெய்கிறது. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, தோழியாகவும் இருக்கலாம். கூகுள் கணக்கு நெடுநாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் எது யாருக்குப் போகலாம், அல்லது எல்லாம் அழிய வேண்டுமா என்று முன்பே குறித்துவைக்கலாம். ஃபேஸ்புக்கில் நாம் நியமிப்பவர் பக்கத்தைப் பராமரிக்கலாம். செய்திகளைப் படிக்க முடியாது.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாம், கைபேசியின் பூட்டு அவள் கையில் இருக்கிறது என்று நம்பிச் செய்யப்பட்டவை. கடவுச்சொல்லைக் கணவனிடம் சொல்லாதவள் எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகிக்கும் வீட்டில், அவள் யாரை நியமித்தாலும் கைபேசியை முதலில் திறப்பது வேறொருவர்தான். இறந்தபின் அந்தரங்கம் வேண்டுமென்றால், வாழும்போதே கடவுச்சொல்லைச் சொல்ல மறுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும்.