நீக்கலில் பிறக்கும் ஓவியம்

அரூப அச்சோவியம் மேற்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, நான்கு கோடுகளை இழுத்துவிட்டுக் கலை என்கிறார்கள் என்ற குறை தமிழ்ச் சூழலில் பழகிப்போன ஒன்று. அதற்கான விடையைப் பல்லாவரத்தை ஒட்டிய அனகாபுத்தூரின் தறிகளிலிருந்து தொடங்கலாம். சென்ற நூற்றாண்டில் இவ்வூர் நெசவாளர்கள் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்’ என்ற கட்டத்துணியை நைஜீரியாவுக்காக நெய்தார்கள். அதில் பூவில்லை, உருவமில்லை; நிறமேற்றிய பாவும் ஊடையும் குறுக்கிடுவதே வடிவம். நைஜர் கழிமுகத்தின் கலபாரிப் பெண்கள் இத்தகைய சென்னைத் துணிகளில் தேர்ந்த சில நூல்களை மட்டும் வெட்டி உருவி வேறொரு கோலத்தை வெளிக்கொணர்ந்தார்கள். ‘பெலெடெ பிடெ’ என்னும் அத்துணிக்கு அவர்களது ஈமச் சடங்குகளிலும் இடமுண்டு. உருவமே இல்லாத பரப்பு, அதிலும் குறைக்கப்பட்ட பரப்பு, ஒரு சமூகத்தின் ஆழ்ந்த உணர்வைத் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அச்சோவியத்தின் முக்கியமான வழிகள் சிலவும் நீக்கலில்தான் பிறக்கின்றன. கலாக்ஷேத்ராவில் கற்பித்துப் பின்னர் பாரிஸில் அச்சோவியர் ஹேய்ட்டரின் ‘அட்டெலியர் 17’ பட்டறையில் இயங்கிய கிருஷ்ணா ரெட்டி (1925–2018) அடிப்படையில் சிற்பி. உலோகத் தகட்டை அமிலத்தாலும் கருவிகளாலும் வெவ்வேறு ஆழங்களுக்குக் குடைந்தார். இளக்கமும் கெட்டியுமான மைகளை மென்மையும் கடினமுமான உருளைகளால் ஏற்றினால், அவை ஒன்றையொன்று விலக்கித் தத்தம் மட்டத்தில் தங்கும். ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் பல நிறங்கள் தாளுக்கு வரும். ‘நீர்ச்சுழல்’ (1963) படைப்பில் நிறத்தைத் தீர்மானிப்பது குடைந்த ஆழம். ஜரினா ஹாஷ்மியின் (1937–2020) ‘பிரிக்கும் கோடு’ (2001) இன்னும் சிக்கனமானது. இந்திய–பாகிஸ்தான் எல்லையை அவர் மரத்தில் கீறவில்லை; சுற்றியுள்ள பரப்பைச் செதுக்கி அகற்றி, கோட்டை மட்டும் மேடாக நிறுத்தினார். நிலம் போய் எல்லை எஞ்சுகிறது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்த குடும்பத்தின் மகள் அவர். எளிமை வாழ்க்கையை விட்டு விலகியது என்போருக்கு இந்த ஒரு தாளே மறுமொழி.

நெசவாளரின் கட்டம் வணிகத் தேவையில் பிறந்தது, கலைஞரின் கோடு சிந்தனையில் பிறந்தது, இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்று மற்றொன்றின் மூலம் என்பது என் வாதமன்று. இரண்டையும் வாசிக்கத் தேவையான பார்வை ஒன்றே என்கிறேன். எல்லா அரூபமும் நீக்கலால் அமைவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேவகோட்டையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஆர். எம். பழனியப்பனின் அச்சுகளில் கோடு, வெளியிலும் காலத்திலும் நகரும் ஒன்றின் தடமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. விமானப் பறத்தல் அவரது நெடுநாள் ஈடுபாடு. அங்கும் பார்வையாளர் தொடர வேண்டியது செயலின் தடத்தைத்தான். ஆகவே நம் காட்சிக்கூடங்கள் அச்சோவியத்தின் அருகே அதன் மரக்கட்டையையும் தகட்டையும் இயன்றவரை வைக்க வேண்டும். ‘இது என்ன உருவம்?’ என்று கேட்பவர், ‘இது எப்படி இவ்வடிவுக்கு வந்தது?’ என்று கேட்கத் தொடங்குவார். தறியின் வேலையைத் தலைமுறைகளாக அறிந்த சமூகத்துக்கு அந்தக் கேள்வி அந்நியமானதன்று.