பிள்ளை பிறந்தபோது நிரப்பிய பீப்பாய்

2006ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில், பழைய பாஸ் பீர் ஆலையின் நிலவறையில் தூசு மண்டிய புட்டிகள் கிடைத்தன. அவற்றில் மூத்தது 1869இல் காய்ச்சிய ‘ராட்கிளிஃப் ஏல்’ என்ற பீர். ஆலைப் பங்குதாரர் குடும்பத்தில் ஹாரி ராட்கிளிஃப் என்ற ஆண்பிள்ளை பிறந்ததைக் கொண்டாடக் காய்ச்சியது. நூறு ஆண்டு கடந்தும் அது குடிக்கும் பதத்திலேயே இருந்தது. பீர் என்றாலே புதிதாக, ஜில்லென்று குடித்துத் தீர்ப்பது என்று நினைப்பவருக்கு இது புதிர்தான்.

ஏலைக் காய்ச்சி நெடுநாள் கிடத்தும் இந்த வழக்கம் அந்தப் புட்டிகளைவிடப் பழையது. 18ஆம் நூற்றாண்டு நிலக்கிழார் மாளிகைகளில் அக்டோபர் மாதம் வந்தால் ஏல் காய்ச்சுவார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ அறுவடையாகிக் கையில் இருக்கும். குளிர் தொடங்கிவிடுவதால் பீரைக் கெடுக்கும் கிருமிகள் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வாரிசு பிறந்தால் ஒரு பீப்பாயை நிரப்பி மூடிவிட்டு, அவனுக்கு 21 வயது ஆகும் நாளில் திறப்பதும் உண்டு. வடிக்கும் முறை தேங்காய்ப்பால் எடுப்பது போலத்தான். மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், வெந்நீர் விட்டு முதலில் வடிவது கெட்டிப்பால். அது எஜமானின் ஏல். அதே மால்ட்டில் மறுபடி நீர் விட்டால் வரும் நீர்த்த பால் வேலைக்காரர்களுக்கான சின்ன பீர்.

பர்ட்டன்காரர்களின் வழி வேறு. ஜிப்சம் கலந்த அவர்களது கிணற்று நீர் ஹாப்ஸின் கசப்பை எடுப்பாகக் காட்டும். அந்தக் கசப்பும் சாராயச் சத்தும் சேர்ந்து ஏலைக் காவல் காக்கும். பாஸ் ஆலையின் ‘நம்பர் 1’ பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், உண்மையில் சாராயச் சத்து மிக்க ஏல்) இந்த மரபின் தலைப்பிள்ளை. 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரே அங்கு வந்து மால்ட் ஊறலைத் தொடங்கி வைத்தார். அந்த ‘கிங்ஸ் ஏல்’ புட்டிகளைச் சேகரிப்பவர்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மரத்தொட்டிக்காரர்கள் மூன்றாவது கட்சி. ஓக் மரத்தின் துளைகளில் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட், மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்து தோலும் பழமும் கலந்த வாசத்தைத் தரும். கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் கிளாசன் 1904இல் இந்த ஈஸ்ட்டுக்கு பிரெட்டனோமைசஸ் என்று பெயர் வைத்தார். ‘பிரிட்டன் பூஞ்சை’ என்று பொருள். ஆங்கிலேய ஏலின் உண்மையான சுவை இது இல்லாமல் வராது என்பது அவர் கட்சி. சஃபோக்கின் கிரீன் கிங் ஆலை, ஏறத்தாழ 12 சதவீதச் சாராயச் சத்துள்ள ‘ஓல்ட் 5எக்ஸ்’ ஏலை இரண்டு ஆண்டு ஓக் தொட்டியில் கிடத்தி, புது பீரோடு கலந்து விற்றது.

பின்னால் வந்தவர்கள் காட்டு ஈஸ்ட்டைக் கிட்டே சேர்க்கவில்லை. டார்செட்டில் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை 1968இல் கொண்டுவந்த தாமஸ் ஹார்டிஸ் ஏல், மான்செஸ்டரில் லீஸ் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல் (1986), லண்டனில் ஃபுல்லர்ஸ் விண்டேஜ் ஏல் (1997) எல்லாம் ஆண்டு முத்திரையோடு வெளிவந்தவை. ஒயினைப் போல வருடம் பார்த்து வாங்கும் பழக்கம் இவற்றால்தான் வேரூன்றியது.

ஆலைகள் இருக்கட்டும்; பிரிட்டனில் வீட்டில் காய்ச்சுவோருக்கு 1880 முதல் உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கினார். அதன்பின் 1970களில் மேற்கு லண்டனின் டர்டன் பார்க் பீர் சர்க்கிள், பழைய ஆலைகளின் கணக்குப் பேரேடுகளைப் புரட்டி, ஒரு கேலன் அளவுக்குச் செய்முறை எழுதியது. காய்ச்சியதும் குடிக்க ஆசைப்படுபவர் அந்தப் பக்கங்களைத் திறக்காமலிருப்பது நல்லது. எத்தனை மாதம் கிடத்த வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது!

20 லிட்டர் பார்லி ஒயினுக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் மால்ட் வேண்டும். மாரிஸ் ஆட்டர் ரகமானால் உத்தமம். முதல் வடிப்பை மட்டும் எடுத்து இரண்டு மூன்று மணிநேரம் கொதிக்கவிட்டால், சாறு சுண்டி நிறம் ஏறும். ஆறியதும் காற்றுப்படக் கலக்கி, ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் பாதி வழியில் நின்றுபோகும். நொதித்தல் தொடங்கிய பிறகு காற்றுதான் எதிரி. மாதக்கணக்கில் கிடந்த ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால், புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் புது ஈஸ்ட்டும் சிறிது சர்க்கரையும் சேர்ப்பார்கள்.

அளவுகோல்களுக்கும் குறைவில்லை. பீர் நடுவர்களின் பி.ஜே.சி.பி. வழிகாட்டி, ஆங்கில பார்லி ஒயினுக்கு 8 முதல் 12 சதவீதச் சாராயம், நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி 1.080 முதல் 1.120 என்கிறது; கிடத்திப் பழுக்கவைக்கும் ‘ஓல்ட் ஏல்’ வகைக்கு 5.5 முதல் 9 சதவீதம். ஆலைக்காரர்கள் இந்த எல்லைக்கோட்டை அவ்வளவாக மதித்ததில்லை. பெயர்களை இஷ்டப்படி மாற்றி ஒட்டினார்கள். எண்ணைவிட நடுவரின் மூக்கே நம்பகமானது. ஷெர்ரி, உலர்திராட்சை, வெல்லப்பாகு வாசம் வந்தால் முதுமை நன்றாக வந்திருக்கிறது. நனைந்த அட்டை வாசம் வந்தால் காற்று புகுந்துவிட்டது. சோயா சாஸ் நெடி என்றால் செத்த ஈஸ்ட்டின் வேலை. நுரை விஷயத்தில் மட்டும் நடுவர்கள் கைதாராளம்: பல ஆண்டு கிடந்த புட்டியில் நுரை தணிந்திருந்தாலும் அதைப் பெரிய குறையாக எடுப்பதில்லை.