இசைத்தட்டில் இருந்த பாட்டு

சிதம்பரம் கீழவீதியில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் இளையராஜா ரசிகர்கள் வாதாடுவதைக் கேட்பது தனிச் சுகம். 1981-இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் எஸ்.ஜானகி பாடிய ஒரு பாட்டு படத்தில் கிடையாது. “அதைப் பாக்கத்தான் மறுபடி மறுபடி தியேட்டருக்குப் போனேன்” என்பார் கடலூர்க்காரர். “கடைசி ஆட்டத்துலயாவது போட்டாங்களா மாமா?” என்பான் இளையவன். பெஞ்சே குலுங்கும்.

சிரிப்பு அடங்குமுன் ஒருவர் அந்தப் பாட்டின் இடையிசையை வாயாலேயே வாசிப்பார்; இன்னொருவர் டம்ளர் விளிம்பில் விரலால் தாளம் பிடிப்பார். ஓரிடம் பிசகினால் நிறுத்தி, முதலிலிருந்து பாடிக் காட்டும் பொறுமை இவர்களுக்கு உண்டு. பேச்சு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பின் பக்கம் திரும்பினால் குரல்கள் தாமாகத் தணியும். நல்ல காதுகள். அந்தப் பக்கம் போனால் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.