பெட்டி வைக்கப்படாத இருக்கை

2000ஆம் ஆண்டு மே மாதம். 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் ஆறாவது சீசன் 'யூனிமேட்ரிக்ஸ் ஜீரோ' எபிசோடோடு முடிகிறது. அதில் ஒரு சின்னக் காட்சி. விண்கலத்தின் கட்டளை மேடையில் விமானி டாம் பாரிஸின் இருக்கையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. உள்ளே காலரில் குத்திக்கொள்ளும் பதவிப் பித்தான். கட்டளையை மீறியதற்காகப் பறிக்கப்பட்ட லெப்டினன்ட் பதவியை கேப்டன் ஜேன்வே அவருக்குத் திருப்பித் தருகிறார். அப்போது இளம் அதிகாரி ஹாரி கிம், தன் நாற்காலியில் அப்படியொரு பெட்டி இல்லையே என்கிறார். வசனம் போகிறபோக்கில் வந்து போகிறது. கதை அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

ரசிகனாக என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை. கிம்முக்கு அநியாயம் நடக்கிறது என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த வசனம்தான் சாட்சி. தெரிந்தும் சரிசெய்யவில்லை.

1995 ஜனவரி முதல் 2001 மே வரை 7 சீசன், 172 எபிசோடு. முதல் எபிசோடில் என்சைனாகக் களமிறங்கிய கிம், கடைசி எபிசோடிலும் என்சைன்தான். அதிகாரிகளில் அடிமட்டப் பதவி அது. ஒரு முழுத் தொடரையும் ஆடி முடித்த வீரருக்கு இப்படி ஒரு ஸ்கோர்கார்டு வருமானால், குறை ஆட்டக்காரரிடமா, அணி நிர்வாகத்திடமா என்று அலசியே ஆகவேண்டும்.

ஆடுகளம் எப்படி இருந்தது?

வாயேஜருக்குக் கிடைத்த ஆடுகளம் அருமையானது. பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் தூக்கி எறியப்பட்ட கப்பல். வீடு திரும்ப 75 ஆண்டு ஆகும். ஒழுங்கும் விதியும் கொண்ட ஸ்டார்ஃப்ளீட் அதிகாரிகளும், அவர்கள் கைதுசெய்யத் தேடிவந்த மாக்கி கிளர்ச்சிக்காரர்களும் ஒரே கப்பலில் வேலை செய்தாக வேண்டும். உதிரிப் பாகம் கிடையாது, உதவிக்கு வர ஆள் கிடையாது.

ஐந்து நாள் டெஸ்ட்டுக்கான களம் இது. முதல் நாள் விழுந்த விக்கெட் ஐந்தாம் நாளும் விழுந்ததுதான். ஆனால் தொடர் ஆடியதோ வாரம் ஒரு தனி ஆட்டம். போன வாரத்து ரன்னும் போன வாரத்துக் காயமும் இந்த வாரக் கணக்கில் வராது. முதல் சீசனில் கப்பலில் 38 ஃபோட்டான் டார்பிடோதான் இருக்கின்றன, தீர்ந்தால் வேறு கிடையாது என்றார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 38ஐத் தாண்டியும் கப்பல் சுட்டுக்கொண்டே இருந்தது. டார்பிடோவை மன்னித்துவிடலாம். அதே மறதியை மனிதர்கள்மீதும் காட்டியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூன்று திருப்புமுனைகள்

முதலாவது, 1996இல் வந்த 'டெட்லாக்'. கப்பல் இரட்டிப்பாகிவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு வாயேஜர், ஒவ்வொருவருக்கும் ஓர் இரட்டை. நாம் அதுவரை பார்த்துவந்த கிம், கப்பலின் உடைப்பைச் சரிசெய்யப் போய், சுவர் பிளந்து விண்வெளியில் வீசப்பட்டு இறந்துபோகிறார். இன்னொரு கப்பலை எதிரிகள் கைப்பற்றும்போது, அங்கிருக்கும் ஜேன்வே தன் கிம்மின் கையில் பச்சிளங்குழந்தை ஒன்றைக் கொடுத்து இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தன் கப்பலைத் தகர்த்துக்கொள்கிறார். அதாவது, அன்றிலிருந்து தொடரின் முடிவுவரை நாம் பார்ப்பது வேறொரு கிம். அவருடைய கப்பல் அழிந்துவிட்டது. அவரோடு வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் செத்துவிட்டார்கள். இங்கே அதே முகங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கின்றன. இறந்தவனின் அறையில் படுத்து, இறந்தவனின் கிளாரினெட்டை எடுத்து ஊதவேண்டும். ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எங்கே கிடைக்கும்? எபிசோடின் கடைசியில், கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது என்ற அளவில் கேப்டனோடு ஒரு பேச்சு. அதோடு சரி. மிச்சமிருந்த ஐந்து சீசனில் அந்தக் காயத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, 1998 நவம்பரில் வந்த 'டைம்லெஸ்'. தொடரின் 100ஆவது எபிசோடு. கிம்மின் கணக்குப் பிழையால் வாயேஜர் பனிக்கோளில் மோதி எல்லோரும் இறந்துவிட, அவரும் துணைத் தளபதி சக்கோட்டேயும் மட்டும் பூமி சேர்ந்திருக்கிறார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, அந்தப் பிழையைக் காலத்தில் பின்னோக்கித் திருத்த வருகிறார் நரைத்த கிம். அந்த எபிசோடில் கிம்மாக நடித்த காரட் வாங்கைப் பாருங்கள். குரல் தடித்திருக்கிறது, வார்த்தைகள் வெட்டி வெட்டி விழுகின்றன. உறைந்துபோன கப்பலுக்குள் நடக்கும்போது, சொந்த வீட்டு எழவுக்குத் தாமதமாக வந்தவனைப்போல நடக்கிறார். இந்த நடிகரால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாதபடி அடித்த சதம் அது. வருங்காலக் கிம் அனுப்பிய செய்தியை இளைய கிம் பார்ப்பதோடு எபிசோடு முடிகிறது. அடுத்த ஆட்டத்தில் அவர் பழைய இடத்தில், பழைய உற்சாகப் பையனாக நிற்கிறார். சதமடித்தவரை மறுநாளே பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்க அனுப்பியதுபோல.

மூன்றாவது, அதே ஐந்தாவது சீசனின் 'லேட்டன்ட் இமேஜ்'. சாகக் கிடக்கும் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற நேரம் இருக்கிறது. ஹோலோகிராம் டாக்டர் கிம்மைத் தேர்ந்தெடுக்கிறார். ஜெட்டல் என்ற பெண் அதிகாரி இறக்கிறார். நண்பன் என்பதால் தேர்ந்தெடுத்தேனா என்ற கேள்வி டாக்டரைச் சுக்குநூறாக்குகிறது. தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று, ராபர்ட் பிக்கார்டோ உச்சத்தில் ஆடியிருக்கிறார். ஆனால் இன்னொருத்தி உயிரின் விலையில் மூச்சுவிடும் கிம்முக்குள் என்ன ஓடுகிறது? கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மற்றவர்கள் எப்படி ஆடினார்கள்?

கிம் தனி ஆள் இல்லை. கிளர்ச்சித் தலைவராக வந்த சக்கோட்டே சில மாதங்களிலேயே தலையாட்டும் துணைத் தளபதியானார். அந்த வேடத்தில் நடித்த ராபர்ட் பெல்ட்ரானே பேட்டிகளில் இதை வெளிப்படையாகக் குறை சொன்னவர். அமெரிக்கப் பூர்வகுடி அடையாளத்துக்கு ஆலோசகராகத் தொடர் வைத்திருந்த ஜமாக்கே ஹைவாட்டர், பூர்வகுடி வம்சம் என்று பொய் சொன்னவர் என்று ஏற்கெனவே அம்பலமானவர். அந்த அடித்தளத்தில் எழுந்த பாத்திரம் எப்படி நிற்கும்?

மாக்கி கலகம் வரும் வரும் என்று காத்திருந்தோம். மூன்றாவது சீசனின் 'வொர்ஸ்ட் கேஸ் சினாரியோ'வில் அது வந்தது, ஹோலோடெக் விளையாட்டுக் கதையாக. பொறியாளர் டோரஸின் மாக்கி நண்பர்கள் கொல்லப்பட்ட செய்தி நான்காவது சீசனில் வருகிறது. அவர் மனமுடைந்து தன்னையே காயப்படுத்திக்கொள்வது அடுத்த சீசனின் 'எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்'கில். கடைசியில் வாழைப்பழ பான்கேக் ஒரு வாய் சாப்பிட்டுப் புன்னகைக்கிறார். துக்கம் தீர்ந்ததாகக் கணக்கு.

வளர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஹோலோகிராம் டாக்டர், 1997இல் நான்காவது சீசனில் வந்து சேர்ந்த, பாதி இயந்திரமான செவன் ஆஃப் நைன். பிக்கார்டோவும் ஜெரி ரயனும் அபாரமாக ஆடினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் இருவருக்கு மட்டும் நேற்றைய பாடம் இன்றைக்கு நினைவிருக்க அனுமதி இருந்தது. மனிதனாகக் கற்றுக்கொள்வதுதான் அவர்கள் கதையே என்பதால் எழுத்தாளர்கள் அவர்களை மறக்கவைக்க முடியவில்லை. ஏற்கெனவே மனிதர்களாக இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதம்

தனிக் கப்பலில் எத்தனை பேருக்குத்தான் பதவி உயர்வு கொடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் இரண்டு பந்துகூட நிற்காது. அதே கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டுவோக்குக்கு நான்காவது சீசனில் உயர்வு கிடைத்தது. பாரிஸ் பதவியை இழந்தே திரும்பப் பெற்றார்.

வாரம் ஒரு தனிக் கதை என்பது அக்காலத் தொலைக்காட்சியின் கட்டாயம், புதிதாகப் பார்ப்பவருக்கும் புரியவேண்டாமா என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் அதே ஸ்டார் ட்ரெக் குடும்பத்தில், அதே காலத்தில் இருக்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் நாக். கௌரவ நடிகராக வந்துபோன ஆரன் ஐசன்பெர்க் ஏற்ற வேடம். முதல் எபிசோடில் சில்லறைத் திருட்டில் மாட்டும் பையன். ஸ்டார்ஃப்ளீட்டில் சேரும் முதல் ஃபெரங்கி ஆகிறான். 'டைம்லெஸ்' வந்த அதே 1998 நவம்பரில் போர்க்களத்தில் காலை இழக்கிறான். அடுத்த மாதம் 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்' எபிசோடில் அந்த வலியோடு ஹோலோகிராம் உலகம் ஒன்றுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறான். 1999இல் தொடர் முடியும்போது லெப்டினன்ட். பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவருக்கு ஒரு வாழ்க்கை அமைந்தது. பெயர்ப்பட்டியலில் ஏழு ஆண்டு இருந்தவருக்கு அமையவில்லை.

டீப் ஸ்பேஸ் நைனில் எழுதிய ரொனால்ட் டி. மூர் 1999இல் வாயேஜருக்கு வந்து, சிறிது காலத்திலேயே விலகினார். பிறகு அவர் மறுஉருவாக்கம் செய்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் உயிரோடு எஞ்சியவர்களின் எண்ணிக்கை ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் இறந்தால் எண் மாறும், மாறியது மாறியதுதான். வாயேஜரில் நான் கேட்டது அந்த ஒரு பலகையைத்தான்.

தீர்ப்பு

நிர்வாகத்தின் தோல்வி இது. பாத்திரம் வளர வசனம் போதாது, சண்டை போதாது, சோகமும் போதாது. நடந்தது நினைவில் நிற்கவேண்டும். கிம்முக்குச் சாவு கொடுத்தார்கள், குற்றவுணர்வு கொடுத்தார்கள், இழப்பு கொடுத்தார்கள். எதையும் மறுவாரம்வரை கையில் வைத்துக்கொள்ள விடவில்லை. பித்தான் அதன் வெளி அடையாளம், அவ்வளவே.

கடைசி எபிசோடான 'எண்ட்கேம்' ஓர் எதிர்காலத்தைக் காட்டுகிறது. அங்கே ஹாரி கிம் தனிக் கப்பலுக்கே கேப்டன். பார்த்ததும் மனம் நிறைந்தது. ஆனால் முதிய ஜேன்வே காலத்தைத் திருத்தியதும் அந்த எதிர்காலமே இல்லாமல் போய்விடுகிறது. கிடைத்த அந்த உயர்வையும் அழித்துவிட்டுத்தான் கப்பல் வீடு சேர்கிறது. 2024இல் 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூன் தொடர், பல உலகங்களிலிருந்து வந்த என்சைன் கிம்களையும், அவர்களுக்கு நடுவே லெப்டினன்டான ஒரே ஒரு கிம்மையும் காட்டியது. 23 ஆண்டு கழித்தும் இந்தக் கணக்கு தீராமல் கிடந்ததால்தான் அந்தக் கதை பிறந்தது.

அதே 'எண்ட்கேமி'ல், வீடு போய்ச் சேர்வதைவிட வந்த பயணம்தான் பெரிது என்று எல்லோர் முன்னாலும் எழுந்து பேசுகிறவரும் கிம்தான். காரட் வாங் அந்த வரிகளை மனதாரச் சொல்கிறார். அந்தக் கணத்தில் அவர் காலரைப் பார்த்தேன். புறப்பட்ட நாளில் இருந்த அதே ஒற்றைப் பித்தான்.